பிடித்து வளர்ப்பதா, வாழிடத்தைக் காப்பதா?

அழியப்போகும் ஓர் இனத்தைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிடித்து வந்து பாதுகாப்பில் பெருக்குவது. மற்றது, அது வாழும் இடத்தையே காப்பது.

முதல் வழியை லேசில் ஒதுக்க முடியாது. 1982-ல் உலகத்தில் கலிபோர்னியா காண்டர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள் 22தான் மிஞ்சியிருந்தன. 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, குஞ்சு பொரிக்க வைத்து, 1992 முதல் மீண்டும் வெளியே விட்டார்கள். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்த இனமே போயிருக்கும். ஆனால் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் உடலில் தங்கும் ஈயத் தோட்டாத் துணுக்குகளை இரையோடு விழுங்கி அவை இன்றும் சாகின்றன. வெளியே நஞ்சு அப்படியே இருக்கிறதே!

அரேபிய ஓரிக்ஸ் என்ற பாலைவன மறிமானின் கதை இன்னும் வலிக்கிறது. 1972-ல் காட்டில் முற்றிலும் அற்றுப்போன அது, 1982-ல் ஓமானில் மீண்டும் விடப்பட்டு, 1996-க்குள் சுமார் 450 ஆனது. அப்புறம் திருட்டு வேட்டையில் 65 ஆகச் சரிந்தது. அங்கே அதற்கென இருந்த சரணாலயத்தின் பரப்பும் 90 சதவீதம் குறைக்கப்பட, 2007-ல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது.

வாழிடத்தைக் காத்தால் ஓர் இனத்தோடு பூச்சி, செடி, ஊற்று எல்லாமே பிழைக்கும். பலன் மெதுவாகத்தான் தெரியும், சரி. விரல் விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்ட இனத்துக்கு அது மட்டும் போதாது, அப்போது பிடித்துத்தான் ஆகவேண்டும். மற்றபடி என் ஓட்டு வாழிடத்துக்கே. பிடித்து வளர்க்கும் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் அன்றே, திரும்ப விடப்போகும் நிலத்துக்கும் காவலர்களுக்கும் ஒதுக்க வேண்டும்.