வரி பாக்கியைப் ‘பாதிக்கு முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

திருப்பூர் பக்கம் வருமான வரி டிமாண்ட் நோட்டீஸ் (வரி பாக்கியைக் கட்டச் சொல்லும் கடிதம்) கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் கொஞ்சம் படியுங்கள். என் தம்பி பவர் டேபிள் (தையல் மெஷின்) போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறான். வங்கியில் போட்ட ரொக்கத்துக்கு விளக்கம் இல்லை என்று, ஒரு பழைய ஆண்டுக்கு வட்டியோடு ஆறரை லட்சம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ரொக்கத்தில் பெரும்பகுதி, கூலிக்காக வங்கியிலிருந்து எடுத்ததில் மிஞ்சியதைத் திரும்பப் போட்டது. அதைச் சொல்லி வாதாட வழி இருந்தது. உடனே கட்டத்தான் பணம் இல்லை.

‘ஆடிட்டர்’ என்று பலகை மாட்டிய ஒருவரைப் பக்கத்து யூனிட்காரர் காட்டினார். “ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்குங்க, 40 பர்சென்ட்ல செட்டில் பண்ணிக்கலாம்” என்றார் அவர். ஃபீஸ் 35,000. துறைக்கு முன்பணம் என்று ஒன்றே கால் லட்சம், அதுவும் அவருடைய ஜிபே எண்ணுக்கே. வருமான வரி போர்ட்டல் (இணையதளம்) பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார், ‘லாகின் பண்ணணும்’ என்று ஓடிபியும் கேட்டு வாங்கினார்.

அந்த ஓடிபியை வைத்து போர்ட்டலில் தம்பியின் மெயிலையும் செல் நம்பரையும் எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு துறை அனுப்பிய எதுவும் எங்களுக்கு வரவில்லை. டிமாண்டுக்கு ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று ஒரு பதிலைப் பதிவிட்டு, அந்த ஸ்கிரீன்ஷாட்டை ‘ஸ்டே கிடைச்சாச்சு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அது வெறும் பதில்; ஸ்டே, அதாவது வசூலை நிறுத்தி வைக்கும் உத்தரவு, கிடையாது. துறைக்குப் பணம் கட்டிய சலான் (ரசீது) கேட்டதற்கு ஒரு பிடிஎஃப் வந்தது. அவர் நிஜமாகக் கட்டியது 5,000 ரூபாய், தாளில் மாற்றிப் போட்டது 1,25,000!

சனிக்கிழமை கூலி போட வங்கிக்குப் போனபோதுதான் கரண்ட் அக்கவுண்ட் முடக்கப்பட்டது தெரிந்தது. வரித்துறை வங்கிக்கே நோட்டீஸ் கொடுத்திருந்தது. அன்று அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் டைலர்களுக்குக் கூலி கொடுத்தோம்.

பிறகு ஒரு நிஜ சிஏ (பட்டயக் கணக்காளர்) சொல்லித்தான் எங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆபீசில் ஆள் வைத்து அசல் வரியைப் பேரம் பேசும் ஏற்பாடு நம் சட்டத்தில் கிடையாது. 2020லும் 2024லும் வரி வழக்குகளை முடிக்க வந்த ‘விவாத் சே விஸ்வாஸ்’ மாதிரி திட்டம் வந்தால் அது சட்டமாகவே வரும், எல்லோருக்கும் தெரியும். கட்ட முடியாதவருக்கு இருப்பது வேறு வழி. நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் தவணை கேட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. தருவதும் மறுப்பதும் அவர் கையில். தவணை கிடைத்தாலும் மாதம் 1 சதவீத வட்டி ஓடும். தொகையே தப்பு என்றால் அதே 30 நாளுக்குள் அப்பீல். கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். அப்பீல் போட்டு ஒரு பகுதியைக் கட்டினால் மிச்சத்துக்குப் பொதுவாக ஸ்டே தருகிறார்கள். கணக்கில் கூட்டல் கழித்தல் மாதிரி வெளிப்படையான பிழை என்றால் திருத்த மனுவே போதும்.

போன பணத்தைவிட எனக்கு வயிறு எரிவது அந்த 30 நாளுக்குத்தான். அவ்வளவையும் ‘பேசிட்டிருக்கேன்’ என்றே ஓட்டினார் அந்த ஆள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றைக்கே போர்ட்டலில் நுழைந்து ப்ரொஃபைலில் யார் மெயில், யார் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். கட்டிய பணம் இ-பே டாக்ஸ் பகுதியில் பேமென்ட் ஹிஸ்டரியில் தெரியும். அங்கே இல்லாத சலானை நம்பாதீர்கள். சிஏ என்றால் உறுப்பினர் எண் கேளுங்கள், சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். எங்கள் ஆளிடம் அப்படி ஒரு எண்ணே இல்லை.

இப்போது தாமதத்துக்குக் காரணம் எழுதி அப்பீல் போட்டிருக்கிறோம். கடன் வாங்கி டிமாண்டில் 20 சதவீதம் கட்டியபின் அக்கவுண்டைத் திறந்துவிட்டார்கள். போலீசில் கொடுத்த புகாருக்கு ரசீது மட்டும் கையில் இருக்கிறது. அந்த ஆள் ‘ஜிஎஸ்டி, லோன், வரி செட்டில்மென்ட்’ என்று புதுப் பலகை மாட்டி வேறு தெருவில் உட்கார்ந்திருக்கிறாராம்.