பஸ்ஸை வைப்பதா, பஸ்ஸின் பலகையை வைப்பதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்கு ஒரு காலத்தில் ஓடிய பஸ் ஒன்று, பால்மரக்காட்டு ஓரத்தில் ஒரு கொட்டகையில் பல வருடங்களாக நின்றது. நிலத்துக்காரர் நிலத்தை விற்க முடிவு செய்தார். "வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்" என்று சொல்லி மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். நாங்கள் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர், மெக்கானிக் ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இருவர், மீதிப் பேர் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து இப்போது தாமானில் (ஊர்க் குடியிருப்புப் பகுதியில்) வாழ்பவர்கள்.

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பஸ்ஸை முழுதாக ஊரிலேயே நிறுத்திக் காட்டலாம். பெரிய நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். அல்லது பஸ்ஸைப் போக விட்டு, அதன் சின்னச் சின்னப் பொருள்களையும் அதில் ஏறி இறங்கியவர்களின் பேச்சையும் ஓர் அறையில் சேர்க்கலாம். நாங்கள் மூன்றாவதைச் செய்தோம், மூன்று மழைக்காலமும் பார்த்துவிட்டோம். வேறு ஊர்களிலும் இதே கேள்வியோடு யாராவது இருப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பெரிய அருங்காட்சியகத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஆள் உண்டு, பணம் உண்டு, காவல் உண்டு. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியக வளாகத்தில் நீராவி இன்ஜின் நிற்கிறது, மலேசியாவின் சொந்தக் காரான புரோட்டோன் சாகாவில் முதல் வண்டியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இடம் எங்குமே பற்றாக்குறைதான். லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகமே கோவென்ட் கார்டன் கட்டடத்தில் கொள்ளாத வண்டிகளை ஆக்டனில் தனிக் கிடங்கில் வைத்திருக்கிறது. எங்கள் பஸ்ஸும் ஏதாவது ஒரு கிடங்குக்குத்தான் போயிருக்கும் என்று நினைத்தோம். நாங்கள் யாரையும் கேட்டுக் கடிதம் எழுதவில்லை, அதனால் என்ன பதில் வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் முப்பது வருடம் சந்தைக்குப் போய் வந்த அம்மா ஒருவர் அதைப் பார்க்கக் கோலாலம்பூர் வரை போக வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை.

பஸ்ஸை முழுதாக வைக்கும் ஆசை எல்லோருக்கும் இருந்தது. பிள்ளைகள் ஏறுவார்கள், ஜன்னலோரம் உட்காருவார்கள், மணிக் கயிற்றை இழுப்பார்கள். அதற்கு ஈடே கிடையாது. ஓடவே வைக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். சபாவில் விறகு எரித்து ஓடும் நீராவி ரயிலைச் சுற்றுப்பயணிகளுக்காக ஓட்டுகிறார்கள், உண்மைதான். அதன் பின்னால் ஒரு மாநில ரயில்வேயே இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு மெக்கானிக்.

எல்லாவற்றையும் முடிவு செய்தது பராமரிப்புதான். நீராவி இன்ஜின் தடித்த இரும்பு. வெயிலிலும் மழையிலும் நின்றாலும் மேலே துரு பிடிக்குமே தவிர, உருவம் கலைய வெகுகாலம் ஆகும். அந்தக் கால பஸ் அப்படியில்லை. எங்களுடையது மரச்சட்டம் கட்டி, மேலே அலுமினியத் தகடு அடித்து, உள்ளே பலகைத் தரை போட்டது. ஜன்னல் ரப்பர் வெடித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே தங்கிவிடும், வெளியே தெரியாது. ஈரத்தில் அலுமினியமும் இரும்பு ஆணியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ஆணியைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். ஈர மரத்துக்குக் கறையான் தானாக வந்து சேரும். எங்கள் பஸ்ஸின் பெயிண்ட் பார்க்க நன்றாகவே இருந்தது. மெக்கானிக் தம்பி வாசற்படிக்கு மேலே ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. "அண்ணே, பெயிண்ட்தான் நிக்குது, உள்ள சட்டமே இல்ல" என்றார்.

வெறும் கூரை போதாது. நம் பக்கத்து மழை சாய்ந்து அடிக்கும், அதனால் சுவரும் வேண்டும். தரையை உயர்த்த வேண்டும். டயரில் பாரம் இறங்காமல் அச்சைத் தாங்கலில் ஏற்ற வேண்டும். சுற்றிலும் சாக்கடை வேண்டும், அதை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். கொட்டகை கட்டவும் திறப்பு விழா நடத்தவும் நன்கொடை கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நம் சனம் கொடுக்கிற சனம். பத்தாவது வருடம் சாக்கடை வார யார் வருவார்? இன்னொரு தோட்டத்தில் நுழைவாயிலில் நிறுத்தியிருந்த பழைய லாரியைப் போய்ப் பார்த்தோம். ரிப்பன் வெட்டிய கல்வெட்டு பளிச்சென்று இருந்தது. லாரியின் தரை வழியே லாலான் புல் முளைத்திருந்தது. அன்றைக்கே பாதிப் பேர் மனம் மாறிவிட்டோம்.

அறை என்றால் பராமரிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். காற்றில் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். நம் ஊரில் காற்று பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. குளிர்சாதனத்தைப் பகலில் போட்டு இரவில் அணைத்தால் ஈரம் ஏறி இறங்கி இன்னும் கெடுக்கும், அதனால் மின்விசிறியும் திறந்த ஜன்னலும் என்று முடிவு செய்தோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். முதல் வருடம் ஒரு தவறும் செய்தோம்: பத்துப் பழைய டிக்கெட்டுகளைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்தோம். உள்ளே இருந்த ஈரம் உள்ளேயே தங்கி மை பரவிவிட்டது, இனி அவற்றைப் பிரிக்கவும் முடியாது. இப்போது பாலியெஸ்டர் உறையில், வாயை ஒட்டாமல் வைக்கிறோம். ஆனாலும் இதெல்லாம் வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை, இரண்டு பேர் போதும்.

எடுத்து வைத்தவை: போகும் இடம் எழுதிய முன்பலகை, ஸ்டியரிங், டிக்கெட் துளைக்கும் கருவி, மணியும் கயிறும், இருவர் அமரும் ஓர் இருக்கை, கட்டண அட்டவணை. இதில் எங்களுக்குப் பொக்கிஷமாக வந்தது அந்த அட்டவணைதான். அதைச் சுவரில் மாட்டிவிட்டுக் கண்டக்டர் அண்ணனைப் படிக்கச் சொன்னோம். அச்சில் இருக்கிற ஆங்கிலப் பெயரை அவர் படிக்கவில்லை. அந்தந்த நிறுத்தத்தில் அவர் கூவிய பெயரையே சொன்னார்: நாலாங்கட்டை, பாலத்தடி, ஆயாக்கொட்டகை முக்கு, மாரியம்மன் கோயிலடி. அந்தப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. பாதி இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் தன் கதையைத் தொடங்கினார். 1948 ஜூன் 16-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்த அவசரகாலம் வந்தது. அந்த வருடங்களில் சிறுமியாக இருந்த தன்னையும் அம்மாவையும் பஸ்ஸிலிருந்து இறக்கி, காட்டிலிருப்பவர்களுக்குக் கொடுக்க அரிசி இருக்கிறதா என்று பையைக் கொட்டிப் பார்த்ததைச் சொன்னார். பலகையும் அட்டவணையும் இல்லாமல் வெறுமனே கேட்டிருந்தால் இது வந்திருக்காது.

போர்ட் வெல்டை நினைத்துப் பாருங்கள், இன்றைய கோலா செபெத்தாங். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போனது. இன்று தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை. ஊர் நடுவே நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது, அதில் தமிழும் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றாலே ரயில் வந்த ஊர் என்று புரிந்துவிடுகிறது. கோலாலம்பூருக்குக் கொண்டுபோயிருந்தால் அது வெறும் பலகைதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஓர் இருக்கையும் ஒரு மணிக் கயிறும் பஸ் ஆகிவிடாது, அவர்கள் முகத்தில் அது தெரிகிறது. குரல் பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறோம், இருபது வருடம் கழித்து அவை திறக்குமா என்பதில் எங்களுக்கு அனுபவம் போதாது. அதனால் எல்லாவற்றையும் தாளிலும் எழுதி வைக்கிறோம்.

முழு பஸ்தான் வேண்டும் என்றால், முதலில் கட்டடத்தைத் தேடுங்கள். பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய பஸ் நிலையமான ஹின் பஸ் டிப்போ 2014-இல் கலைக்கூடமாக மாறியதால் இடிபடாமல் நிற்கிறது. அப்படி ஒரு பழைய டிப்போவோ ரப்பர் புகைக்கூடமோ உங்கள் ஊரில் ஒழுகாத கூரையோடு இருந்தால், இரும்புச் சட்டம் போட்ட பஸ்ஸும் கிடைத்தால், நான் உங்கள் பக்கம். மரச்சட்ட பஸ் என்றால் முதலில் ஸ்குரூ டிரைவர் வைத்துப் பாருங்கள்.

எங்கள் அட்டவணையில் இரண்டு வரிகளைக் கறையான் தின்றுவிட்டது. ஒன்றைக் கண்டக்டர் அண்ணன் சொல்லிவிட்டார். இன்னொன்று அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே எடுத்துவிட்ட நிறுத்தம். அந்த வரிக்கு நேரே ஒரு வெற்றுத் தாளும் பென்சிலும் தொங்கவிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற வயதானவர்களை முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறோம்.