கப்பலூர்ல டி2 பஞ்ச் ஹார்ட்னிங் பண்ணணும்னா இங்க குடுங்க

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்ட உள்ள இருக்க இந்த வேக்வம் ஃபர்னஸ் (காத்த எடுத்துட்டு ஸ்டீல காய்ச்சுற உலை) கடைய பத்தி, டூல் ரூம் (பஞ்ச், டை செய்யுற பட்டறை) வச்சிருக்க எல்லாருக்கும் தெரியணும், அதான் எழுதுறேன். மத்த எடத்துல பீஸ வாங்கி எடை போட்டு பில்லு குடுத்துருவாங்க, இங்க கடைக்கார அண்ணன் மொதல்ல கேட்டதே "இது எந்த ஷீட்ட வெட்டப் போகுது தம்பி"ன்னுதான்.

நமக்கு வந்த ஆர்டர் டிபி600 ஷீட். சாதா எம்எஸ் ஷீட் மாதிரி கெடயாது அது, சாஃப்டான ஃபெரைட்டுக்கு நடுவுல கெட்டியான மார்ட்டன்சைட் திட்டுத்திட்டா இருக்கும் (ரெண்டும் ஸ்டீலுக்குள்ள இருக்க அமைப்புக), டென்சைல், அதாவது இழுத்தா தாங்குற பலம், 600 மெகாபாஸ்கல் பக்கம் நிக்கும். அத வெட்டுற பஞ்ச் டி2ங்கிற டூல் ஸ்டீல், அதாவது கார்பன் 1.5, குரோமியம் 12 சதவீதம். முன்னாடி வேற ஒரு எடத்துல போட்ட பஞ்ச் எல்லாம் முனை முனையா செதறிச்சு, ஆனா ஹார்ட்னஸ் பாத்தா 60 எச்ஆர்சி (ராக்வெல் மெஷின்ல பாக்குற கெட்டித்தன்மை அளவு) சரியாத்தான் காட்டுச்சு.

அதுக்கு அண்ணன் சொன்ன வெளக்கம் எனக்கு ரொம்ப புடிச்சது. 1030 டிகிரி பக்கம் காய்ச்சுறப்ப கார்பைடுல (கார்பன் சேந்த கெட்டித் துகள்) ஒரு பங்கு கரைஞ்சு ஆஸ்டெனைட்டுக்குள்ள (அந்த சூட்டுல ஸ்டீல் எடுக்குற அமைப்பு) போகுது, குவென்ச் பண்ணா, அதாவது வேகமா ஆற வச்சா, அது மார்ட்டன்சைட்டா மாறும், ஆனா டி2ல முழுசா மாறாது, கொஞ்சம் ஆஸ்டெனைட் அப்படியே தங்கிரும். 200 டிகிரில டெம்பர் பண்ணி (ஒடயாம இருக்க மறுபடி கொறஞ்ச சூட்டுல காய்ச்சி) விட்டா அந்த ஆஸ்டெனைட் உள்ளயே கெடக்கும், பிரஸ்ல அடி விழ விழ அதுதான் டெம்பர் ஆகாத மார்ட்டன்சைட்டா மாறி பொசுக்குன்னு ஒடயும், சைஸும் கொஞ்சம் கூடும். இங்க 520ல டெம்பர் போடுறாங்க, அந்த சூட்டுல கார்பைடு வெளிய வந்து மிச்ச ஆஸ்டெனைட்ல கார்பன் கொறயுது, ஆறுறப்ப அது புது மார்ட்டன்சைட் ஆகுது, அந்த புதுசையும் பதப்படுத்தணும்ல, அதுக்குத்தான் ரெண்டாவது டெம்பர். ரெண்டாவத கேக்காமயே பண்ணிக் குடுக்குறாங்க, அதுக்கே காசு குடுக்கலாம்.

வந்த பீஸ் 59 எச்ஆர்சி, நம்ம கண்ணு முன்னாடியே ராக்வெல்ல வச்சு காட்டுனாங்க. வேக்வம்ங்கிறதால மேல செதில் இல்ல, கார்பன் போன தோலும் இல்ல, பளிச்சுன்னு இருக்கு. அந்த பஞ்ச் இப்ப ஓடிட்டு இருக்கு, முனை தேயுது, ஆனா செதறல.

கொறைன்னா ரேட் சால்ட் பாத் (உருக்குன உப்புல காய்ச்சுற மொற) ரேட்ட விட கூட, லோடு சேர்ற வரைக்கும் வெயிட் பண்ண வைக்கிறாங்க, அவசர வேலைக்கு ஆகாது, போனும் லேசுல எடுக்க மாட்டாங்க, நேர்ல போயிருங்க. ஸ்டீல் டெஸ்ட் சர்டிபிகேட் கையோட கொண்டு போங்க, டி2வா இல்லயான்னு தெரியாம ஃபர்னஸ்ல ஏத்த மாட்டேங்குறாங்க. கிரைண்டிங்குக்கு அலவன்ஸ் (பின்னாடி தேய்ச்சு எடுக்க கூடுதல் அளவு) விட்டே குடுங்க, ஹார்ட்னிங்ல சைஸ் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.