யூசர்ஆடா, ஆட்யூசரா?

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் புதிய பயனர் கணக்கு தொடங்க இரண்டு கட்டளைகள் உண்டு: ‘யூசர்ஆட்’, ‘ஆட்யூசர்’. பெயர்தான் முன்பின்னாக மாறியிருக்கிறது. குணம் முற்றிலும் வேறு.

யூசர்ஆட் சொன்னதை மட்டும் செய்யும். ‘யூசர்ஆட் கயல்’ என்று அடித்து எண்டர் தட்டினால் கணக்கு உருவாகிவிடும். ஆனால் கயலுக்கு ஹோம் கோப்புறை இருக்காது, கடவுச்சொல் இருக்காது, ஷெல்லும் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வழக்கமான பாஷாக இருக்காது. ஹோமுக்கு ‘-எம்’, ஷெல்லுக்கு ‘-எஸ்’ என்று நாமே சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லுக்குத் தனிக் கட்டளை.

ஆட்யூசர் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. ஹோமை உருவாக்கி, ஸ்கெல் கோப்புறையிலிருக்கும் மாதிரிக் கோப்புகளை அதற்குள் நகலெடுத்து வைத்து, கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்டு வாங்கும். பிறகு முழுப்பெயர், அறை எண், தொலைபேசி எண் என்று விசாரிக்கும்; வேண்டாமென்றால் எண்டரைத் தட்டிக்கொண்டே போகலாம். கையால் ஓரிரு கணக்குகளைச் சேர்ப்பவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதுபவர்களுக்கு யூசர்ஆட்தான். ஃபெடோரா லினக்ஸில் ஆட்யூசர் என்பது யூசர்ஆடுக்கே இன்னொரு பெயர். ஆல்பைன் லினக்ஸில் அதே பெயரில் பிஸிபாக்ஸ் என்ற கருவித்தொகுப்பின் கருவி இருக்கிறது. அதன் ஆப்ஷன்கள் (‘-எம்’ போன்றவை) வேறு. ஆட்யூசரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் ஊர் மாறினால் தடுக்கி விழும்.

இருக்கும் கணக்கைத் திருத்தும்போதுதான் உண்மையான ஆபத்து. ஆர்டுயினோ என்ற மின்னணுப் பலகையை இணைப்பதற்காக என் உபுண்டு கணக்கை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் ‘டயல்அவுட்’ குழுவில் சேர்க்க முனைந்தேன். கணக்கைத் திருத்தும் கட்டளையான யூசர்மாடை எடுத்து, ‘யூசர்மாட் -ஜி டயல்அவுட்’ என்று பெரிய ஜி போட்டு, என் பயனர்பெயரையும் சேர்த்து அடித்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. வெளியேறி மீண்டும் நுழைந்து, நிர்வாகி உரிமையில் வேலை செய்ய உதவும் சூடோ கட்டளை கொடுத்தால், அந்த உரிமை யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் என் பெயர் இல்லை என்றது. பெரிய ஜி தனியாக வந்தால் பழைய துணைக் குழுக்களின் பட்டியலையே அழித்துப் புதிதாக எழுதிவிடும். அந்த உரிமையைத் தரும் சூடோ குழுவும் அதோடு போய்விட்டது. உபுண்டுவில் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கு பூட்டியே இருப்பதால் அந்த வழியும் இல்லை. பழுது பார்ப்பதற்கான ரெகவரி மோடில் கணினியைத் தொடங்கி என்னைச் சூடோவில் திரும்பச் சேர்த்தேன்.

‘-ஏஜி’ என்று ஒரே ஒரு ஏ சேர்த்திருந்தால் பழைய குழுக்கள் அப்படியே இருந்திருக்கும். ‘ஆட்யூசர் கயல் டயல்அவுட்’ என்றால் அந்த ஏ-யை மறக்கும் வாய்ப்பே கிடையாது. அதனால் உபுண்டுவில் குழுவில் சேர்க்க நான் இப்போது ஆட்யூசரை மட்டுமே பயன்படுத்துகிறேன். முனையத்தை மூடுமுன் ‘ஐடி கயல்’ அடித்துக் குழுக்களை எண்ணிப் பார்க்கவும் தவறுவதில்லை.

பயனர்பெயரை மாற்றுவதென்றால் ஆட்யூசரிடம் வழி இல்லை, யூசர்மாட்தான். சிறிய எல் பெயரை மட்டும் மாற்றும். ஹோம் பழைய பெயரிலேயே கிடக்கும். அதையும் நகர்த்த ‘-டி’யில் புதிய பாதையைக் கொடுத்து ‘-எம்’ சேர்க்க வேண்டும். மாற்றப்படும் கணக்கில் யாரும் நுழைந்திருக்கக் கூடாது என்பதால், சூடோ உரிமையுள்ள இன்னொரு கணக்கை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.