புதுச்சேரியில் சைக்கிள் கட்டக் கொடுக்கிறீர்களா? பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

புதுச்சேரியில் ஒரு கடையில், பாகங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து சைக்கிள் கட்டி வாங்கினேன். 38,000 ரூபாய். பட்டியலில் இருந்தது ஒன்று, வண்டியில் மாட்டியது வேறு. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பது, வண்டி கட்டக் கொடுக்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே வண்டி என்பதுதான் என் தேவை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு கேரியரில் பையோடு வேலைக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆரோவில் பக்கம் செம்மண் சாலையிலும் ஓட வேண்டும். அதற்கேற்ப குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஃபிரேம், இரட்டைச் சுவர் ரிம், 36 ஸ்டெயின்லெஸ் ஸ்போக், 700x38 டயர், 8 கியர் கேசட் ஹப் (ஹப் என்பது சக்கரத்தின் நடுக்குடம்) என்று பேசி முடித்தோம். கடைக்காரரே இதை வாட்ஸ்அப்பில் பட்டியலாக அனுப்பினார்.

சில மாதங்களிலேயே பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. கடையில் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் ஆடியது. "லோடு அதிகம் வைக்கிறீங்க சார்" என்று பழி என் மேல் வந்தது. கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை இரண்டு விரலால் மெல்லச் சுற்றினார். முனை ஒரே இடத்தில் நிற்காமல் சின்ன வட்டம் போட்டது. "ஆக்சில் வளைஞ்சிருக்கு தம்பி. இது கேசட்டே இல்ல, ஃப்ரீவீல்" என்றார்.

கேசட், ஃப்ரீவீல் இரண்டும் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கர அடுக்குதான். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், பற்களும் அதே 8 அடுக்குதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. கேசட் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஏறக்குறைய ஃபிரேமை ஒட்டியே, வெளி ஓரத்தில் உட்காரும். ஃப்ரீவீல் ஹப்பில் அது பல்சக்கரங்களுக்கு உள்பக்கம் தள்ளி இருக்கும், அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சிலுக்குத் தாங்கல் கிடையாது. 5, 6 கியர் காலத்தில் அந்த நீளம் கம்மி. 8 அடுக்கு வந்தால் நீளம் கூடும், கேரியர் பாரமும் சேர்ந்தால் வளையாமல் என்ன செய்யும்?

கண்டுபிடிக்க ஸ்பேனர்கூடத் தேவையில்லை. பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பல்சக்கரங்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் பள்ளங்கள் தெரியும். பல்லோடு சேர்ந்து அவையும் சுற்றினால் கேசட், அவை மட்டும் நின்றால் ஃப்ரீவீல். கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

அடுத்தது ஸ்போக். ஸ்டெயின்லெஸ் என்று காசு வாங்கிவிட்டுத் துத்தநாகம் பூசிய கம்பியைப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கடற்காற்றில் அது முதலில் வெள்ளையாகப் பூத்து, அப்புறம் துருப்பிடிக்கும். எனக்கு மழைக்காலம் முடிவதற்குள் ஸ்போக்கை ரிம்மோடு முடுக்கும் நிப்பிள் ஓரமெல்லாம் சிவந்துவிட்டது.

ஃபிரேமில் நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. '4130 குரோமோலி' என்ற ஸ்டிக்கரின் ஓரம் வெயிலில் தூக்கிக்கொண்டது. உரித்தால், கீழே கம்பெனியே போட்ட 'ஹை-டென்' எழுத்து, அதாவது சாதாரண இரும்பு! குரோமோலியா சாதாரண இரும்பா என்று காந்தத்தை வைத்துப் பார்க்க முடியாது, இரண்டிலும் ஒட்டும். ஃபிரேமின் மாடல் பெயரையும் அடியில் அடித்திருக்கும் எண்ணையும் கேட்டு வாங்கி, கம்பெனி விவரத்தோடு ஒப்பிட வேண்டும்.

டயர் சரியாகத்தான் இருந்தது, 700x38 டயரில் வழக்கமாக வரும் 40-622 என்ற எண் பக்கவாட்டில் இருக்கிறது. 622 என்பது 700சி ரிம்மின் மில்லிமீட்டர் அளவு, நம் ஊர்ப் பழைய 28 அங்குல வண்டிக்கு 635. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

பிரேக்கில் ஏமாற்று இல்லை, ஆனால் ஆபத்தான அலட்சியம். வளைந்த ஹேண்டில்பாருக்கு வரும் சாதாரண ரோடு பைக் லீவர் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும், என் வண்டியில் இருக்கும் வி-பிரேக்குக்கு (இரண்டு நீளக் கைகளால் ரிம்மைப் பிடிப்பது) அதிகம் இழுக்கும் லீவர் வேண்டும். இரண்டையும் கோத்துக் கொடுத்துவிட்டார்கள். பிளாக் ரிம்மில் உரசும் அளவுக்கு நெருக்கி வைத்தால்தான் பிடிக்கும். மழையில் பிளாக் கொஞ்சம் தேய்ந்தாலும் லீவர் ஹேண்டிலில் முட்டிவிடும். தென்பெண்ணைப் பாலத்துப் போக்குவரத்தில் அப்படி ஒரு பிரேக்கை நம்பி எப்படிப் போவது?

கடையில் கேட்டதற்கு, "ஓட்டின வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார்கள். பில்லில் 'சைக்கிள் - 1' என்று மட்டும் எழுதியிருந்ததைக் காட்டி, கேசட் என்று எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். அந்த வாட்ஸ்அப் பட்டியல்தான் கை கொடுத்தது. அதை வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கேசட் ஹப் போட்டு பின்சக்கரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஃபிரேமுக்கும் முன்சக்கர ஸ்போக்குக்கும் பதில் இல்லை, அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இப்போது வண்டி கட்டக் கொடுத்திருப்பவர்கள், ஹப்பையும் ரிம்மையும் ஸ்போக் கோக்கும் முன்பே கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்தின் கம்பெனியும் மாடலும் பில்லில் தனித்தனி வரியாக வந்தால்தான் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.