டிஎக்ஸ்-60 ஆ, வைக்கிங் ரேஞ்சரா?

ரொறன்ரோவில் இருக்கிற மாமா போனில் கேட்டார்: "தம்பி, ரெண்டு பழைய வால்வு ட்ரான்ஸ்மிற்றர் விலைக்கு வந்திருக்கு, எதை அனுப்ப?" ஒன்று ஹீத்கிட் டிஎக்ஸ்-60, மற்றது ஜோன்சன் வைக்கிங் ரேஞ்சர். இரண்டும் வால்வில் (கண்ணாடி வெற்றிடக் குழாயில்) ஓடும், அமெச்சூர் வானொலிக்காரர் அலை அனுப்பும் அமெரிக்கப் பெட்டிகள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு பதில் சொல்ல எனக்கு இரண்டு கிழமை பிடித்தது.

இரண்டிலும் அன்ரெனாவுக்குச் சக்தி கொடுக்கிற கடைசி வால்வு 6146 என்ற இலக்கமுள்ள ஒன்றுதான். டிஎக்ஸ்-60 க்கு 90 வாட் உள்ளீடு, ரேஞ்சருக்கு மோர்ஸ் தட்டும்போது 75, ஏஎம்மில் (குரலுக்கு ஏற்ப அலையின் வலு கூடிக்குறையும் முறையில்) பேசும்போது 65. இந்த வித்தியாசம் எதிரில் கேட்பவரின் காதுக்குத் தெரியாது, அதனால் வாட்டை வைத்துத் தெரிவு செய்ய வேண்டாம்.

தெரிவது குரல். ரேஞ்சர் 6146 இன் பிளேற்றுக்கே, அதாவது வால்வின் முக்கிய மின்னோட்டம் போய்ச் சேரும் தகட்டுக்கே, குரலை ஏற்றுகிறது. அதற்கென்று தனியாக இரண்டு வால்வும், அவற்றின் குரலைப் பிளேற்றுக்குக் கடத்துகிற ஒரு மாடுலேஷன் ரான்ஸ்போமரும் உண்டு, நல்லாக வேலை செய்கிற ரேஞ்சரின் ஏஎம் குரல் பழைய வானொலி அறிவிப்பாளர் பக்கத்தில் இருந்து கதைப்பதுபோல நிறைந்திருக்கும். டிஎக்ஸ்-60 ஸ்கிரீன் கிரிட்டில் (வால்வுக்குள் இருக்கிற ஒரு கம்பி வலையில்) ஏற்றுகிறது, பேசும்போதுதான் கரியர், அதாவது குரலைச் சுமக்கும் அலை, எழும்பும். விளங்கும், ஆனால் அந்த நிறைவு வராது. ரேஞ்சருக்குள்ளே விஎஃப்ஓவும் (அலைவரிசையை விரும்பியபடி திருப்பி மாற்றும் பகுதி) இருக்கிறது. டிஎக்ஸ்-60 க்கு ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு கிறிஸ்டல் தேட வேண்டும், இல்லையென்றால் விஎஃப்ஓவைத் தனியாக வாங்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தால் ரேஞ்சர்தான் என்று தோன்றும். நான் டிஎக்ஸ்-60 ஐ அனுப்பச் சொன்னேன், காரணம் அந்த மாடுலேஷன் ரான்ஸ்போமர். பவர் ரான்ஸ்போமர் எரிந்தால் இங்கே வழி இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டர்களைச் சுற்றிக் கொடுக்கிறவர்கள் வன்னி முழுக்க இருக்கிறார்கள், பழைய சுற்றை எண்ணிக் கொடுத்தால் பொறுமையான ஒருவர் சுற்றித் தருவார். மாடுலேஷன் ரான்ஸ்போமர் அப்படியில்லை, குரலின் ஏற்ற இறக்கம் முழுவதையும் கெடாமல் கடத்த வேண்டும், உயர் வோல்ட்டையும் தாங்க வேண்டும், அதைச் சுற்றுவது வேறு கைவேலை. அது போனால் ரேஞ்சரின் குரலும் போச்சு. டிஎக்ஸ்-60 க்குள் அப்படி ஒரு சாமானே இல்லை.

ரெக்டிஃபையரிலும் (ஏசி மின்னை டிசியாக்கும் பகுதியிலும்) அதே கதை: ரேஞ்சரில் வால்வு, டிஎக்ஸ்-60 இல் சிலிக்கன் டயோட். டயோட்டை டிவி திருத்துகிற கடையிலேயே வாங்கலாம்.

எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை ஒன்றுதான். மின்பகு (எலெக்ட்ரோலைற்றிக்) கப்பாசிட்டர்களை யோசிக்காமல் மாற்றுங்கள், கடல் தாண்டி வந்த பெட்டியை நேராகக் கரண்டில் சொருகவே கூடாது. பழைய கார்பன் தடைகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள், வயது போகப் போக அவற்றின் ஓம் ஏறும். கரண்டுக்குப் போகும் இரட்டைக் கம்பி வயரைக் கழற்றிவிட்டு ஏர்த் உள்ள மூன்று கம்பி வயர் போடுங்கள். அமெரிக்கப் பெட்டிக்கு வேண்டியது 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களிடம் 230, 50. குறைக்கும் ரான்ஸ்போமர் வோல்ட்டைச் சரியாக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது, அதனால் ரான்ஸ்போமர்களின் இரும்பு அதிகமாகச் சூடாகும். சித்திரை வெயிலில் ஒரு சின்னக் காற்றாடி இல்லாமல் நான் ஓட்டுவதில்லை. உள்ளே 600 வோல்ட்டுக்குக் கிட்ட இருக்கிறது, நிறுத்திய பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். காய்ந்த தடியில் கட்டிய ஏர்த் கம்பியால் தொட்டு வெறுமையாக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும், மற்றக் கை முதுகுக்குப் பின்னால்.

உரிமமும் இறக்குமதி அனுமதியும் முதலே கையில் இருக்கட்டும். அன்ரெனாவுக்குக் கவலையில்லை, 40 மீற்றர் அலைக்கு 20 மீற்றர்க் கம்பி போதும், இரண்டு பனை தாங்கும்.

ரேஞ்சரை மாமா வேறு யாருக்கும் போக விடாமல் வாங்கித் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்திருக்கிறார். மாடுலேஷன் ரான்ஸ்போமரின் இரண்டு சுற்றையும் மீற்றரால் அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன், இரண்டும் அறாமல் இருந்தால் அதையும் கப்பலில் ஏற்றுவோம்.