இரண்டு போல்ட்டா, மூன்று போல்ட்டா?

சைக்கிள் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடல் ஷூக்களில் முக்கிய வித்தியாசம் அடிப்பாகத்தில்தான். லுக் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த பெடலின் வழியில் வந்தது மூன்று போல்ட்: அகலமான பிளாஸ்டிக் கிளீட் (ஷூவின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்தி, பெடலில் மாட்டும் துண்டு), பெரும்பாலும் வளையாத சோல். மிதிக்கும் விசை பரவலாக இறங்குவதால் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை நிற்காமல் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் கிளீட் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். டைல்ஸ் தரையில் வழுக்கும், நடந்தால் சீக்கிரம் தேயும்.

ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி பெடல் 1990இல் வந்தது. இரண்டே போல்ட்; சின்ன உலோகக் கிளீட் ரப்பர் சோலுக்குள் பதுங்கியிருக்கும். பெரும்பாலான பெடல்களில் இரு பக்கமும் மாட்டலாம் என்பதால், திருவான்மியூர் சிக்னலில் கால் ஊன்றிவிட்டு அப்புறம் குனிந்து பார்க்காமலே கிளம்பலாம். டீக்கடைக்கும் சாதாரணமாக நடக்கலாம். சென்னை நெரிசலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எதை எடுத்தாலும் மேல்பாகம் காற்றோடும் வலைத்துணியாக இருக்கட்டும், நம் வெயிலுக்கு அது கட்டாயம்.